இருபத்து மூன்றாம் கை

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் போட்ட மதிப்பெண்களை இன்னொரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று யாராவது போனில் கேட்டால் சிரிப்புதான் வரும். ஜெனிட்டாவுக்கும் வந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரம்பூர் வீட்டில் பத்து மணிக்குக் குளியல், பன்னிரண்டுக்கு உலை, மூன்றுக்குத் தூக்கம் என்று ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தாள். அந்த ஒழுங்கைக் கலைக்க அவளுக்கு மனமில்லை.

"எந்த மதிப்பெண்?" என்று கேட்டாள்.

"தூத்துக்குடி இறால் கம்பெனி, மேடம். நாற்பது வீடியோ பதிவு."

இறால் என்ற சொல் காதில் விழுந்ததுமே மூக்கில் குளோரின் தண்ணீர் நெடி ஏறிவிட்டது. அடுப்பில் சோறு பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல், "நாளைக்கே வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

நாசரேத்துக்காரியான ஜெனிட்டாவுக்கு அது முதல் வேலை. வயது இருபத்தைந்து. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களின் உடம்பை மதிப்பிடுகிற வேலை. மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது, கழுத்து எவ்வளவு குனிகிறது, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு ஒரு எண் போட வேண்டும். அந்த வருடம்தான் புது விதி வந்திருந்தது. ஏழோ அதற்கு மேலோ வந்த வேலையை மனிதக் கையால் செய்யக் கூடாது, ஒரு வருடத்துக்குள் இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி சொன்னது.

அதற்காகப் பதினொரு மாதம் அந்தக் கம்பெனிக்குப் போய் வந்தாள். காலை ஏழு மணிக்கு வேன். உள்ளே நுழைந்ததும் வெள்ளைக் கோட்டு, தொப்பி, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். ஐஸ் நீராவி தரையோடு தவழும். நீளமான எஃகு மேசைகளின் இரண்டு பக்கமும் இருநூறு பெண்கள் நின்று இறால் உரிப்பார்கள். தலையை ஒடித்து, ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் குடலை உருவித் தட்டில் போட நான்கு விநாடி. முகமூடிக்குள்ளிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். யாருடைய குரல் எங்கிருந்து வருகிறது என்று முதல் மாதம் முழுக்க அவளுக்குப் பிடிபடவேயில்லை. பிற்பாடு வாழ்க்கையில் எத்தனையோ அலுவலகங்களில் உட்கார்ந்தாள், பதவி உயர்ந்தாள், கல்யாணம் முடித்தாள், கணவனை மண்ணுக்குக் கொடுத்தாள். சந்தோஷமாய் இருந்த காலம் எது என்று யோசித்தால் அந்தப் பதினொரு மாதம்தான் முதலில் வந்து நிற்கும்.

தரமணியில் அந்தப் போன் வந்த ஆய்வுக்கூடம் நான்காம் மாடியில் இருந்தது. கூப்பிட்ட டாக்டர் ஹபீபாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்கடியில் தூக்கமில்லாத கருமை. காபி கொடுத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அன்னைக்கு நீங்களும் சபாபதி சாரும் தனித்தனி ரூம்ல உட்கார்ந்து பார்த்தீங்க. ரெண்டு பேர் போட்ட எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு. அதனாலதான் அந்த நாற்பது பதிவை நம்பிக் கணிப்பானுக்குப் பாடமா வச்சாங்க."

கணிப்பான் என்பது கேமராவில் பார்த்துத் தானே எண் போடும் இயந்திரம். இன்றைக்கு மதிப்பீட்டாளர் என்று ஒரு வேலையே கிடையாது. எல்லா ஊர்த் தொழிற்சாலையிலும் அதுதான் போடுகிறது.

"இப்ப என்ன சந்தேகம் வந்துச்சு?" என்றாள் ஜெனிட்டா.

"அது நாலுன்னும் அஞ்சுன்னும் போட்ட இடத்துலேர்ந்து கை முடங்கிப் போனவங்க வர்றாங்க மேடம். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. கேட்டா, எண் நாலுதான், வேலையில போகல, வீட்டுல துணி துவைச்சுப் போயிருக்கும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. தீர்ப்பாயமும் அதையே சொல்லி வழக்கை மூடுது. அதான் அடியிலேர்ந்து பார்க்கச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு எண் போட்டவங்க இன்னைக்கும் அதே எண்ணைப் போடுறாங்களா இல்லையான்னு. சபாபதி சார் தவறிட்டார். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"வேற எண் போட்டேன்னா?"

"பழைய தொகுப்பு செல்லாது. மூடின வழக்கு எல்லாம் திறக்கும்."

"அதே எண்ணைப் போட்டா?"

ஹபீபா காபிக் கோப்பையை மேசையில் வைத்தார். "கணிப்பான் சரின்னு ஆயிடும். எல்லாம் இப்ப நடக்கிற மாதிரியே நடக்கும்."

தனியறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஜெனிட்டாவுக்கு ஒரு யோசனை ஓடியது. எல்லாவற்றுக்கும் ஏழு ஏழு என்று போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். கை போனவர்களுக்கு வழி பிறக்கும். யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது, வயதானால் கண் மாறும் என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் பதிவு ஓடத் தொடங்கும்வரை அந்த யோசனை இருந்தது. பிறகு கைகள் திரையில் வந்தன. வந்த பிறகு கண்ணுக்குப் பட்டதைத் தவிர வேறு எண்ணை எழுத அவளால் முடியவில்லை. அது அவளுடைய தொழில் புத்தி.

முகங்களை மறைத்திருந்தார்கள். மார்புக்குக் கீழே மேசையும் கைகளும் மட்டும். எண்ணைப் போட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் மனது எண்ணில் இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல் சினிமாப் பாட்டை இழுத்துப் பாடுவது பதிவாகியிருந்தது. அதைக் கேட்டு இன்னொருத்தி சிரிப்பது. மேற்பார்வையாளர் பூட்ஸ் சத்தம் நெருங்கியதும் பாட்டு நின்று, போனதும் விட்ட வரியிலிருந்தே தொடங்குவது. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் ஊருக்குப் போய்வந்த முகமாக இருந்தது.

ஹபீபா கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தார்.

"நாற்பதுல முப்பத்தெட்டு அப்படியே இருக்கு மேடம். மத்த ரெண்டுலயும் ஒரு எண்தான் வித்தியாசம். இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்ல."

ஜெனிட்டாவுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "கண்ணு இன்னும் கெடல" என்றாள்.

"அந்த நாற்பது பேர்ல இருபத்தாறு பேருக்கு அம்பது வயசுக்குள்ள கை போயிடுச்சு" என்றார் ஹபீபா. சொல்ல நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

பெருமை அடங்க ஒரு நொடி ஆயிற்று. "அப்ப என் எண்ணு?"

"அவங்களுக்கு நீங்க போட்டதெல்லாம் நாலு, அஞ்சு."

"பத்து நிமிஷம் பிந்தி ஓடுற கடிகாரத்தை நூறு தடவை பார்த்தாலும் அது பத்து நிமிஷம் பிந்தித்தான் காட்டும்" என்று ஜெனிட்டா மெதுவாகச் சொன்னாள். "நான் அன்னைக்கும் பிந்தி, இன்னைக்கும் பிந்தி. அதைத்தானே கண்டுபிடிச்சிருக்கீங்க?"

ஹபீபா அலமாரியைத் திறந்து தோள்வரைக்கும் வருகிற சாம்பல் நிற உறை ஒன்றை எடுத்தார்.

"படம் பிடிச்ச அன்னைக்கு அந்தப் பொம்பளைங்க கோட்டுக்குள்ள மெல்லிசா ஒரு உறை போட்டிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? எந்தத் தசை எப்ப இறுகுச்சு, எவ்வளவு இறுகுச்சுன்னு அது பதிஞ்சு வச்சுச்சு. அதைப் படிக்க அன்னைக்கு வழியில்ல. சும்மா சேர்த்து வச்சாங்க. சில வருஷம் முன்னாலதான் வழி வந்துச்சு. இதை மாட்டிக்கிட்டு கையை மேசை மேல வச்சா போதும், கை அசையாது. ஆனா அந்தப் பொம்பளை செஞ்சது அத்தனையும் உங்க கையே செய்யிற மாதிரி இருக்கும்."

"வலிக்குமா?"

"வலியைக் கொண்டு வராது. கை செஞ்சதை மட்டும்தான் கொண்டு வரும்."

ஜெனிட்டா உறைக்குள் கையை விட்டாள். முதல் பதிவு தொடங்கியது. சும்மா கிடந்த கை, இல்லாத இறாலின் தலையைப் பிடித்தது. திருகியது. ஓடு விரலுக்கடியில் வழுக்கிக் கழன்றது. பதினொரு மாதம் எதிரே நின்று பார்த்தவள், ஒரு இறாலைக்கூட உரித்ததில்லை. இப்போதுதான் உரிக்கிறாள்.

இருபத்து மூன்றாம் பதிவு வந்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. சுண்டு விரல். இறாலைத் தொடாமல் விலகி நிற்கும் அந்தச் சுண்டு விரலை இருநூறு பேரில் ஒருத்திதான் வைத்திருந்தாள்.

"இது கனியக்கா" என்றாள்.

"பேர் சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேடம்."

"நீங்க சொல்லவே வேண்டாம்."

சண்முகக்கனி. அந்த மேசையிலேயே வேகமான கை. மத்தியானம் பூவரச மரத்தடியில் உட்காரும்போது தன் தூக்குவாளியிலிருந்து ஒரு கை சோறு எடுத்து ஜெனிட்டாவின் டப்பாவில் வைக்காமல் சாப்பிட மாட்டாள். 'படிச்ச பிள்ள, இப்படிக் கொறிச்சா கண்ணு எப்படித் தெரியும்' என்பாள். ஜெனிட்டா சென்னைக்கு மாற்றலாகிப் போன அன்று வேன் வரைக்கும் வந்தாள். அப்புறம் இரண்டு தீபாவளிக்குப் பேசிக்கொண்டார்கள். அப்புறம் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது, வருடங்கள்தான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அந்தக் கைக்குள் தன் கை இருக்கும் சந்தோஷத்தில் ஜெனிட்டா முதல் நிமிடம் ஒன்றையும் கவனிக்கவில்லை. பிறகுதான் பட்டது. தலையைத் திருகுவதற்கு முன்னால், கண் இமைக்கும் நேரம், முழங்கைக்குக் கீழே ஏதோ பூட்டிக்கொண்டது. பூட்டிய பிறகுதான் திருகல். திருகி முடித்ததும் பூட்டு அவிழும். அடுத்த இறால், மறுபடி பூட்டு. வெளியே பார்த்தால் நயமாக, அழகாக, வழுக்கிக்கொண்டு போகும் கை. உள்ளே ஒவ்வொரு தடவையும் கட்டிப்போட்டுக்கொண்டு வேலை செய்கிற கை. வலிக்கிற பல்லை விட்டுவிட்டு மறுபக்கம் மெல்கிறவர்களுடைய தாடை இப்படித்தான் இருக்கும்.

"நிறுத்துங்க. மத்ததையும் போடுங்க."

மற்றவர்களிடமும் அது இருந்தது. கனியக்காவிடம் இருந்த அளவுக்குச் சுத்தமாக இல்லை, ஆனால் அதே பூட்டு, அதே இடம். நாற்பதில் முப்பத்தோரு பேர்.

"யாரோ ஒருத்தர்கிட்ட எல்லாரும் கத்துக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள் ஜெனிட்டா.

ஹபீபா எழுந்து போய் வேறொரு திரையைப் போட்டார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கான பயிற்சிப் பாடம். பாதுகாப்பான மாதிரி அசைவு என்று தலைப்பு. திரையில் உருவமில்லாத ஒரு சாம்பல் நிறக் கை, மெல்ல, நயமாக எதையோ திருகியது. சுண்டு விரல் விலகி நின்றது.

"குறைஞ்ச எண், கூடின வேகம். ரெண்டும் சேர்ந்த பதிவு எதுன்னு தேடி எடுத்தாங்க. அதுதான் இருபத்து மூணு. இறால்ல ஆரம்பிச்சு, முந்திரி, தோல், போன் பாகம் மாட்டுற இடம்னு திருகுற வேலை எங்கெங்கே இருக்கோ அங்கெல்லாம் இதுதான் பாடம். புதுசா வர்றவங்க கைல உறையை மாட்டி, இந்த அசைவு படியிற வரைக்கும் பழக்குவாங்க."

"உள்ளே இருக்கிற பூட்டோட சேர்த்தா?"

"அப்படியே."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட."

திரையில் அந்தச் சாம்பல் கை மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தது. "இப்ப என்ன எண் போடுவீங்க மேடம்?" என்று ஹபீபா கேட்டார்.

"எனக்குத் தெரியலம்மா. அது ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."

மூன்றாம் நாள் காலை இருவரும் தூத்துக்குடியில் இறங்கினார்கள். கம்பெனி இருந்த இடத்தில் வேறு ஏதோ கிடங்கு நின்றது. பூவரச மரம் இல்லை. ஆனால் முத்தையாபுரத்தில் கனியக்காவின் தெரு அப்படியே இருந்தது, வீடு மட்டும் ஒரு மாடி உயர்ந்திருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் ஜெனிட்டாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ ஜெனிதான?"

"ஆமாக்கா."

"ஒரு சுத்து பெருத்துட்டியே" என்றாள் கனியக்கா. பிறகு கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். புறங்கையால்தான் துடைக்க முடிந்தது. இரண்டு கையிலும் விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, அப்படியே நின்றுவிட்டிருந்தன.

கனியக்காவின் மருமகள் தேநீர் கொண்டு வந்தாள். கனியக்கா டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தாள். குடித்துக்கொண்டே பழைய ஆட்களை எல்லாம் விசாரித்தார்கள். பாட்டுப் பாடியவள் மதுரையில் மகளோடு இருக்கிறாளாம். மேற்பார்வையாளர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். வேன் ஓட்டியவர் மூன்றாம் வகுப்புப் பேரனைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறாராம், வண்டியே ஏறுவதில்லையாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹபீபா உறை இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டாவின் பேச்சு அரை மணி நேரத்தில் நாசரேத்துப் பேச்சாக மாறிவிட்டதைக் கவனித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். படம் பிடிச்ச அன்னைக்கு உங்களுக்குக் கை வலிச்சுதா?"

கனியக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "இத கேக்கவா இம்புட்டு தூரம் வந்தே?"

"ஆமாக்கா."

"அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே வலி. எனக்கு மட்டுமா, எல்லாத்துக்கும்தான். ஒடிக்கும்போது முகத்தச் சுளிப்போம், கைய உதறுவோம், பக்கத்துல உள்ளவ தோளுல இடிப்போம். நீ வந்த புதுசுல பாத்திருப்பியே."

ஜெனிட்டா பார்த்திருந்தாள். மறந்திருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது.

"நீதான வந்து சொன்னே" என்றாள் கனியக்கா. குரலில் குற்றம் இல்லை. "மரத்தடில வச்சு. ஏழு வந்தா மிஷின் வந்துரும், இனிமே உங்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாதுக்கான்னு. உன் முகத்துல அம்புட்டு சந்தோசம். நீ கைகழுவப் போனதும் நாங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்தோம். மிஷின் வந்தா நாங்க எங்க போவோம்? அந்தோணியம்மாவுக்கு மூணு பிள்ள. எனக்கு இவரு படுக்கையில. அன்னைக்கு அங்கேயே முடிவு பண்ணிட்டோம், ஏழு வரக் கூடாதுன்னு."

"அதுக்கு?"

"ரெண்டு வாரம் உடுப்பு மாத்துற ரூமுல நின்னு பழகினோம். வலிக்காத மாதிரி எப்படிச் செய்யன்னு. நான்தான் கண்டுபிடிச்சேன். ஒடிக்கதுக்கு முன்னால கைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டா முகம் கோணாது, கை உதறாது. பாக்க அழகா இருக்கும். வலி என்னமோ கூடத்தான் செய்யும். ஆனா தெரியாது. எல்லாத்துக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன்."

தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போய்த் திருப்பத்தில் மறையும்வரை ஜெனிட்டா தலை குனிந்திருந்தாள்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீ ஏழுதான போட்டிருப்பே."

ஆமாம், போட்டிருப்பாள்.

பிறகு மாதிரி அசைவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெனிட்டா திக்கித் திக்கிச் சொன்னாள். கனியக்கா முதலில் புரியாமல் கேட்டாள், பிறகு புரிந்து கேட்டாள்.

"எம்புட்டு பேரு?"

"ரெண்டு லட்சம் இருக்கும்."

கனியக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் தங்கச்சி மவ கொச்சியில வேலைக்குச் சேந்தா. ஒருநா போன்ல சொன்னா, பெரியம்மா, இங்க பழக்குற மிஷின் சுண்டு விரல உங்கள மாதிரியே வைக்கச் சொல்லுதுன்னு. நான் பெருமையா தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்." கைகளை மடியில் போட்டாள். "போன வருசம் அவளுக்கும் கையில ஆபரேசன்."

மருமகள் வாசற்படியில் வந்து நின்றுகொண்டாள்.

"உங்க மேல யாரும் பழி போட முடியாதும்மா" என்று ஹபீபா முதன்முறையாகப் பேசினார். "நீங்க வேலையைக் காப்பாத்திக்கப் பார்த்தீங்க. பார்த்து ஏமாந்தது நாங்க. ஆனா இதை நிறுத்தணும்னா அந்தப் பதிவு தப்புன்னு நான் நிரூபிக்கணும். மேடம் போட்ட எண் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணா இருக்கு. அது ரொம்ப நம்பகமான எண்ணுன்னுதான் காகிதம் சொல்லுது."

"நான் சொன்னா எடுத்துக்கிட மாட்டாவளா?"

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் வலிச்சுதுன்னு சொன்னா, ஞாபகப் பிசகுன்னு தள்ளிடுவாங்க."

ஜெனிட்டா பெட்டியைத் தொட்டாள். "அவ்வோ கையில மாட்டலாமா? விரல் இப்படி இருக்கே."

"மாட்டலாம். கை அசைய வேண்டியதில்லையே. நரம்புதான் வேணும்."

மடங்கிய விரல்களுக்கு மேலே உறையை இழுத்து மாட்டக் கால் மணி நேரம் பிடித்தது. ஜெனிட்டாதான் மாட்டினாள், ஒவ்வொரு விரலாக, பொறுமையாக. ஹபீபா விளக்கினார். எங்கே வலித்ததோ அங்கே 'இப்போ' என்று சொன்னால் போதும். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

பதிவு ஓடத் தொடங்கியது. கனியக்காவின் கண்கள் அகன்றன. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு இறாலை அந்த வியப்பிலேயே விட்டுவிட்டாள். ஹபீபா கவலையோடு ஜெனிட்டாவைப் பார்த்தார்.

"இப்போ" என்றாள் கனியக்கா.

பிறகு நிற்கவில்லை. இப்போ. இப்போ. நாலு விநாடிக்கு ஒன்று. வலியில்லாத குரலில், பேருந்தில் நிறுத்தம் சொல்கிற நடத்துநர் மாதிரி. நடுவில் ஒன்றுக்குச் சொல்லாமல் விட்டாள். பின்னால் இன்னொன்று. ஐந்து நிமிடப் பதிவில் எழுபத்து நான்கு இறால்கள். அறுபத்தோரு தடவை.

"இடையில சிலது விட்டுட்டீங்களேம்மா?" என்றார் ஹபீபா.

"அது பொடி ரால். தலை லேசுல வந்துரும். வலிக்காது."

ஹபீபா பதிவின் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தார். விட்ட ஐந்து இடத்திலும் இறால் சின்னதாக இருந்தது. கனியக்காவுக்கு அந்தப் படத்தை யாரும் காட்டியிருக்கவில்லை.

ஒரு தேநீருக்குப் பிறகு, ஒன்றரை மணி நேரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் அதே பதிவை மறுபடி ஓட்டினார்கள். கனியக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். முடிந்ததும் ஹபீபா இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் வேகமாகப் பார்த்தார், பிறகு விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணுகூடப் பிசகல" என்றார். "முதல்ல விட்ட எட்டைக் கழிச்சா அறுபத்தொண்ணும் அதே இடம். பொடி இறால்லயும் அதே அஞ்சு. ஆயிரக்கணக்கான மதிப்பீட்டை நான் சோதிச்சிருக்கேன் மேடம். இப்படி ஒண்ணு வந்ததே இல்ல."

படிவத்தை ஜெனிட்டா எடுத்துக்கொண்டாள். அதில் எண் எழுதும் கட்டத்துக்குக் கீழே மதிப்பிட்டவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. நாற்பது படிவத்திலும் அந்த வரியில் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தாள், அன்றும் இன்றும்.

"அக்கா, பத்துக்கு எத்தன போட?"

"பத்து எம்புட்டுனு எனக்குத் தெரியாதே."

"அதுக்கு மேல கிடையாது."

கனியக்கா யோசித்தாள். அந்தக் காலத்தில் இறால் தட்டை எடை போடும்போது யோசிப்பாளே, அதே மாதிரி உதட்டை மடித்துக்கொண்டு. "ஒம்பது போடு. பிள்ள பெத்தத பத்துனு வச்சுக்கிடுவோம்."

ஜெனிட்டா எழுதினாள். "பேரு உங்க பேர எழுதட்டுமா? வெளியில தெரியும். கொச்சிப் பிள்ளைக்கும் தெரியும்."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கனியக்கா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"எழுது. சொல்லிக் கொடுத்தது நான்தான. தப்புன்னும் நானே சொல்லுதேன். சண்முகக்கனின்னு முழுசா எழுது."

பின்னால் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. மாதிரி அசைவைத் திரும்பப் பெற ஐந்து மாதம் ஆயிற்று. மூடிய வழக்குகளில் பாதி திறந்தன, மீதிக்கு இன்னும் ஹபீபா அலைந்துகொண்டிருக்கிறார். ஜெனிட்டாவின் நாற்பது எண்களும் செல்லாது என்று அரசு இதழில் வந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவளே கனியக்காவுக்கு அனுப்பினாள். மாதம் ஒரு தடவை தூத்துக்குடிக்கு ரயில் ஏறுவது பெரம்பூர் வீட்டின் புது ஒழுங்காகிவிட்டது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் ஹபீபா இயந்திரத்தை நிறுத்தி, உறையைக் கழற்றக் கையை நீட்டியபோது கனியக்கா கையை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவ போடுவியளா?"

"போதும்மா. ரெண்டு தடவை வேணும், அது ஆயிடுச்சு."

"இது உங்களுக்கு இல்ல. நான் சொல்லவும் மாட்டேன், நீங்க எண்ணவும் வேண்டாம்."

ஹபீபா ஜெனிட்டாவைப் பார்த்தார். ஜெனிட்டா தலையசைத்தாள். பதிவு ஓடியது. மடியில் அந்தக் கை அசையாமல் கிடந்தது. கனியக்காவின் தோள் மட்டும் லேசாக ஆடியது, எஃகு மேசைக்கு முன்னால் நின்ற நாளில் ஆடியதைப் போல. கண்ணை மூடியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் முகமூடிக்குள் பேசுகிற அடங்கிய குரலில், பக்கத்தில் நிற்கிற யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்தாள். ஜெனிட்டா நாற்காலியை நகர்த்தி அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.